தேர்வு எழுதி நீதிபதியான தமிழ்ப் பெரியார்
மாயூரம் வேதநாயகம் பிள்ளை

கோழி மேய்த்தாலும் கோர்மெண்டில் மேய்க்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே கூறும் பழமொழி. சிரித்துக்கொண்டு கூறினாலும் அவர்கள் பட்ட பாடெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. மழை பொய்த்தால் வயலில் வேலை இல்லை. பஞ்சு விலை ஏறினால் ஆலையில் வேலை குறையும். விசைத்தறி நின்றால் அன்றைய கூலி இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் என்னும் உறுதி அரசுப் பணிக்கே உண்டு என்று அவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை.

ஆகவேதான் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பையும் கல்லூரிப் படிப்பையும் முடித்த அக்காமார்கள் பலர் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராக இருந்த பென்னிங்டன் துரையின் பெயரைத் தாங்கி நிற்கும் நூலகம் நாம் அனைவரும் அறிந்ததே. அத்தகைய நூலகங்களில் பொது அறிவுப் புத்தகமும் கையுமாக அமர்ந்திருப்போரிடம் தமிழின் முதல் புதினம் எது என்று கேட்டால், கண்ணை மூடித் திறப்பதற்குள் பிரதாப முதலியார் சரித்திரம் என்று விடை வரும். அதன் ஆசிரியர் யார் என்றால் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்று அடுத்த விடையும் வரும். எத்தனையோ தேர்வுகளில் கேட்கப்பட்டுப் பழகிப்போன வினாக்கள் அவை.

ஆனால் அப்பெருமகனாரே ஒரு காலத்தில் அரசுப் பணிக்காகத் தேர்வு எழுதியவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஒரு விடையாக மட்டும் நாம் மனப்பாடம் செய்யும் அவரது வாழ்க்கையைச் சற்று விரிவாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் பக்தியும் தமிழும் ஒருங்கே வளர்ந்தன.

அக்காலத்தில் இன்று போல் ஊருக்கு ஊர் உயர்நிலைப் பள்ளிகள் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகமே 1857-ல்தான் நிறுவப்பட்டது. ஆகவே பட்டம் என்னும் பேச்சுக்கே இடமில்லை. திருச்சியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளை என்னும் அறிஞரிடம் வேதநாயகர் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர், புத்தகங்கள் சில. இவ்வளவே அவர் பயின்ற கல்லூரி. இருந்தும் தமிழ் இலக்கண இலக்கியங்களையும் ஆங்கிலத்தையும் அவர் ஐயமறக் கற்றார்.

ஆவண அறையே படிப்பறை

1848-ஆம் ஆண்டையொட்டி, இருபத்திரண்டு வயது இளைஞராக, வேதநாயகர் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர் பணியில் அமர்ந்தார். வழக்குக் கட்டுகளை வரிசைப்படுத்துவதும், கேட்டபொழுது எடுத்துக் கொடுப்பதும், தூசி தட்டி மீண்டும் அடுக்குவதுமான வேலை அது. வெளியார்க்கு அது சிறிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் கண்ணும் கருத்தும் உள்ளவர்க்கு அந்தக் கட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு பாடப் புத்தகம். நிலத் தகராறு, கடன் பத்திரம், பாகப் பிரிவினை, கோயில் சொத்து என்று ஊரார் வாழ்க்கை முழுவதும் அந்த அறையில் எழுத்தாக இருந்தது.

விரைவிலேயே அவர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். அக்கால நீதிமன்றத்து மொழிபெயர்ப்பு எளிதன்று. நீதிபதிகள் ஆங்கிலேயர், வாதி பிரதிவாதிகள் தமிழர், ஆவணங்களிலோ முகமதிய அரசர்கள் காலத்திலிருந்து வழங்கிவந்த பாரசீக, அரபுச் சொற்கள் மலிந்து கிடந்தன. வக்கீல், முன்சீப், தாக்கல், ஜாமீன், நகல் என்று நாம் இன்றும் வழங்கும் சொற்களெல்லாம் அவ்வழி வந்தவையே. ஓர் ஏழை உழவன் தன் மொழியில் சொன்னதை, பொருள் மாறாமல் ஆங்கிலத்தில் தர வேண்டும். ஒரு சொல் பிசகினால் ஒருவன் நிலத்தை இழப்பான். அந்தப் பொறுப்பை உணர்ந்து வேலை செய்தவர் வேதநாயகர். தேர்வுக்கென்று தனியாக ஒரு வகுப்புக்கும் அவர் செல்லவில்லை. அன்றாட வேலையையே படிப்பாக ஆக்கிக்கொண்டார்.

தேர்வு வந்த வரலாறு

இங்கே போட்டித் தேர்வின் வரலாற்றையும் சிறிது பார்ப்போம். அரசு அலுவலரைத் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் சீன நாட்டில் ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் நடைபெற்று 1905-ல் முடிவுற்றது. இந்தியாவை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியோ நெடுங்காலம் தன் உயர் அலுவலர்களைச் சிபாரிசின் பேரிலேயே நியமித்து வந்தது. கம்பெனி இயக்குநர் ஒருவருக்கு உறவினராக இருப்பதே பெருந்தகுதி. 1855-ல்தான் லண்டனில் பொதுப் போட்டித் தேர்வு தொடங்கியது. இந்தியரும் எழுதலாம் என்பது சட்டம். ஆனால் கப்பலேறி இங்கிலாந்து சென்று எழுத வேண்டும் என்பது நடைமுறை. வங்கத்தைச் சேர்ந்த சத்தியேந்திரநாத தாகூர் 1863-ல் அதில் வெற்றி பெற்ற முதல் இந்தியர் ஆனார். இவர் மகாகவி இரவீந்திரநாத தாகூரின் தமையனார். இந்திய மண்ணிலேயே அத்தேர்வை எழுதும் வாய்ப்பு 1922-ல்தான் கிடைத்தது.

கடல் கடக்க வசதியற்ற நம் நாட்டவர்க்கு உள்ளூரில் திறந்திருந்த உயர்ந்த கதவுகளுள் ஒன்று முன்சீப் பதவி. முன்சீப் என்பவர் மக்களின் சொத்து வழக்குகளையும் கொடுக்கல் வாங்கல் வழக்குகளையும் முதற்படியில் விசாரித்துத் தீர்ப்பளிக்கும் நீதிபதி. தஞ்சைச் சீமையில் வறுமையில் பிறந்து, தெரு விளக்கின் ஒளியில் படித்ததாகச் சொல்லப்படும் முத்துசாமி ஐயரும் அக்காலத்தில் தேர்வில் தேறி முன்சீப் ஆனவரே. அவர் பின்னர் 1878-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார்.

வேதநாயகரும் தமது முப்பதாம் வயதையொட்டி முன்சீப் தேர்வை எழுதினார். வெற்றியும் பெற்றார். ஆவணக் கட்டுகளை எடுத்துக் கொடுத்தவர், ஆவணங்களை ஆராய்ந்து தீர்ப்பெழுதும் இருக்கையில் அமர்ந்தார். சிபாரிசோ செல்வமோ அவரை அங்கே கொண்டு சேர்க்கவில்லை. கல்வியும் உழைப்பும் கொண்டு சேர்த்தன.

நீதி வழுவா நீதிபதி

தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் அவர் முன்சீப்பாகப் பணியாற்றினார். தரங்கம்பாடி 1845 வரை டேனிஷ்காரர்கள் வசம் இருந்த கடற்கரை ஊர். மாயூரம் என்பது இன்றைய மயிலாடுதுறை. அவ்வூரிலேயே நெடுங்காலம் பணிபுரிந்தமையால் ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

பதவி கிடைத்தவுடன் புத்தகத்தை மூடி வைப்பது பலர் வழக்கம். வேதநாயகரோ பதவி கிடைத்த பின்னரே மிகுதியாக எழுதத் தொடங்கினார். 1859-ல் அவர் வெளியிட்ட நீதி நூல், மக்கள் வாழ்வுக்கு வேண்டிய அறங்களைச் செய்யுளில் எடுத்துரைப்பது. அதில் கைக்கூலி வாங்கும் அதிகாரிகளை அவர் கடுமையாகச் சாடுகிறார். தாமே அதிகாரியாக இருந்துகொண்டு, தம்மைப் போன்ற அதிகாரிகளின் குற்றத்தைக் கண்டித்துப் பாட எவ்வளவு துணிவு வேண்டும்! கை சுத்தமாக இருப்பவர்க்கே அத்துணிவு வரும்.

1862-ல் சித்தாந்த சங்கிரகம் என்னும் நூலை வெளியிட்டார். 1805 முதல் 1861 வரை மேல் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் தந்த நூல் அது. சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கப்பட்டதும் அதே 1862-ல்தான். வழக்குக்காக வீட்டையும் காட்டையும் விற்ற ஒருவன், தான் ஏன் தோற்றான் என்பதையேனும் தன் மொழியில் அறிய வேண்டாமா? அறிய முடியாமல் இருந்த காலம் அது. ஆங்கிலம் அறிந்த சிலர் கையில் மட்டும் இருந்த சட்ட அறிவைத் தமிழ் மட்டும் அறிந்தவர் கைக்கும் கொண்டு வந்தார் வேதநாயகர். நீதிமன்றங்களில் தமிழிலேயே வாதாட வேண்டும் என்னும் கருத்தைத் தம் புதினத்திலும் அவர் அழுத்தமாக வற்புறுத்தியுள்ளார்.

நம் விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அமைந்துள்ளது. மடியில் பத்திரக் கட்டை வைத்துக்கொண்டு, தன் பெயரை எப்போது கூப்பிடுவார்களோ என்று காத்திருப்போர் எந்த நீதிமன்ற வாசலிலும் உண்டு. அவர்களுக்குப் புரியும் மொழியில் நீதி பேச வேண்டும் என்று 160 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முன்சீப் பாடுபட்டார் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் நெகிழ்கிறது.

பெண் கல்விக்குப் பாடிய பெரியார்

பெண்கள் பள்ளியில் பயிலும் நாம் தனியே நன்றி கூற வேண்டிய செய்தி இது. 1869-ல் வேதநாயகர் பெண்மதி மாலை என்னும் நூலை இயற்றினார். பெண்களுக்குரிய அறிவுரைகளைப் பாடல்களாகத் தந்ததோடு, பெண் கல்வியின் இன்றியமையாமையை உரைநடையிலும் விளக்கினார். பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று படித்தவர்களே பேசிய காலம் அது. மகனுக்கு ஆசிரியர் வைத்த வீட்டில் மகளுக்கு அடுப்பங்கரை மட்டுமே காட்டப்பட்டது. அந்நிலையில் ஒரு நீதிபதி முன்வந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் இறைவன் அறிவைப் பொதுவாகவே அளித்தான் என்று வழக்காடினார். எழுதியதோடு நில்லாமல், மாயூரத்தில் பெண்களுக்கென ஒரு பள்ளியையும் ஏற்படுத்தினார்.

மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாகப் பேசுவோர் உலகில் பலர். எழுதியதைச் செய்தவர் வேதநாயகர். நம் அருட்சகோதரிகள் இன்று ஆற்றிவரும் கல்விப் பணிக்கு அன்றே தமிழில் ஆதரவுக் குரல் கொடுத்தவர் அவர் எனின் மிகையாகாது.

பதவி போன பின் உயர்ந்தவர்

வாழ்க்கை எப்போதும் ஏறுமுகமாகவே இருப்பதில்லை. உடல்நலம் குன்றியிருந்த காலத்தில் மேலதிகாரி ஒருவரோடு ஏற்பட்ட மனத்தாங்கலால் அவர் பதவி விலக நேர்ந்தது என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். 1872-ல் அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

தேர்வு எழுதிப் பெற்ற பதவி அத்துடன் முடிந்தது. வேறொருவராயின் அதிகாரம் போயிற்றே என்று திண்ணையில் அமர்ந்து வருந்தியிருப்பார். வேதநாயகரின் வாழ்க்கையிலோ அதன் பிறகுதான் பொற்காலம் தொடங்கியது. அடுத்த ஆண்டாகிய 1873-ல் திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி ஆகிய பக்தி நூல்களை வெளியிட்டார். மாயூரம் நகராட்சியின் தலைவராகவும் தொண்டாற்றினார்.

அவ்வேளையில் வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். நம் பக்கத்து மூதாட்டிகள் வாயிலும் தாது வருடம் என்னும் பெயர் தலைமுறை தலைமுறையாக நின்றது. மாயூரத்துத் தெருக்களில் பசியால் வாடியவர்களைக் கண்ட வேதநாயகர் கஞ்சித் தொட்டிகளைத் திறந்தார். தம் சொந்தப் பொருளை வாரி வழங்கினார். அப்போது அவர் சம்பளம் வாங்கும் அதிகாரி அல்லர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், இவரது கொடைச் சிறப்பை வியந்து ஒரு கீர்த்தனையே பாடினார்.

பக்தியும் சமரசமும்

வேதநாயகர் உறுதியான கத்தோலிக்கர். தேவமாதாவின் மீது அவர் பாடிய அந்தாதியே அதற்குச் சான்று. ஆனால் தம் மதத்தை நேசித்தவர் பிற மதத்தாரை வெறுக்கவில்லை. 1878-ல் அவர் வெளியிட்ட சர்வ சமய சமரசக் கீர்த்தனை எம்மதத்தாரும் தயக்கமின்றிப் பாடக்கூடிய இசைப்பாடல்களின் தொகுதி. அப்பாடல்கள் இன்றும் கர்நாடக இசை மேடைகளில் ஒலிக்கின்றன.

சைவப் பெரும்புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு நெருங்கிய நண்பர். குளத்தூரில் பிறந்த வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து அம்மகாவித்துவான் குளத்துக் கோவை என்னும் நூலைப் பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் அவரிடம் பேரன்பு பூண்டிருந்தார். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் வேதநாயகரை மதிப்போடு குறிப்பிடுகிறார். ஆண்டாள் கோயில் மணியோசையும் மாதா கோயில் மணியோசையும் ஒருங்கே கேட்டு வளரும் நமக்கு இந்நட்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

முதல் புதினமும் ஞானாம்பாளும்

1879-ல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. அதுவரை தமிழில் கதை என்றால் பெரும்பாலும் செய்யுள் வடிவமே. எல்லாரும் படித்து மகிழும் எளிய உரைநடையில் ஒரு நெடுங்கதை வேண்டும் என்னும் குறையை அது தீர்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நூலகம் தொடங்கி நான்கே ஆண்டுகள் கழித்து இந்நூல் வெளிவந்தது என்றால் அதன் பழமை நமக்குப் புலனாகும். 1887-ல் சுகுண சுந்தரி என்னும் இரண்டாம் புதினத்தையும் வெளியிட்டார்.

கதையின் பெயர் பிரதாப முதலியார் சரித்திரமாக இருந்தாலும், படிப்போர் மனத்தில் நிற்பவள் அவன் மனைவி ஞானாம்பாளே. அவள் கணவனினும் கூர்மையான அறிவுடையவள். கதையின் ஒரு கட்டத்தில் அவள் ஆண் உடை தரித்து, ஒரு நாட்டுக்கே அரசனாகி, நீதி தவறாமல் ஆட்சி செய்கிறாள்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஞானாம்பாள் ஏன் ஆண் உடை தரிக்க வேண்டும்? பெண்ணுக்கு ஆளும் அறிவு உண்டு என்று வேதநாயகர் நம்பினார். ஆனால் பெண் உடையிலேயே அவளை நீதி இருக்கையில் அமர்த்தினால் அன்றைய உலகம் ஏற்காது. 1879-ல் எந்த ஞானாம்பாளும் முன்சீப் தேர்வு எழுத முடியாது. பெண்கள் வழக்கறிஞராகத் தொழில் செய்வதற்கு இருந்த தடையே 1923-ல் இயற்றப்பட்ட சட்டத்தால்தான் நீங்கியது. கதை வெளிவந்து 58 ஆண்டுகள் கழித்து, 1937-ல், திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அன்னா சாண்டி என்னும் கிறிஸ்தவப் பெண்மணி முன்சீப்பாக நியமிக்கப்பட்டார். இந்தியாவின் முதல் பெண் நீதிபதி அவரே. 1959-ல் அவர் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியும் ஆனார். அதே கேரளத்தில் முன்சீப்பாகப் பணியைத் தொடங்கிய பாத்திமா பீவி 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக உயர்ந்து, பின்னாளில் தமிழகத்தின் ஆளுநராகவும் விளங்கினார். ஞானாம்பாள் ஆண் உடையைக் களைந்துவிட்டுத் தன் சொந்த உருவிலேயே நீதி இருக்கையில் அமர்வதற்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

மறைவு

இவ்வாறு நீதிக்கும் தமிழுக்கும் பெண் கல்விக்கும் உழைத்த வேதநாயகம் பிள்ளை 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் தமது அறுபத்திரண்டாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

நாம் பெறும் பாடம்

இன்றைய நிலைக்கு வருவோம். 1929-ல் சென்னை மாகாணத்தில் அரசுப் பணித் தேர்வாணையம் அமைந்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. அதன் வழிவந்ததே இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். வேதநாயகர் வகித்த முன்சீப் பதவிக்கு நிகரான உரிமையியல் நீதிபதித் தேர்வையும் இவ்வாணையமே நடத்துகிறது. நாங்கள் இவ்வாண்டு எழுதப்போகும் பத்தாம் வகுப்புத் தேர்வில் தேறியவர்கள், உரிய வயது வந்ததும் நான்காம் தொகுதித் தேர்வை எழுதலாம்.

ஆனால் கணக்கைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடந்த அத்தேர்வுக்கு 22 இலட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தனர். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. பின்னர் அது பத்தாயிரத்துக்குச் சற்று மேலாக உயர்ந்தது. அதாவது ஏறத்தாழ இருநூறு பேருக்கு ஓர் இடம். இருநூறு பெண்கள் கூடியிருக்கும் ஒரு மண்டபத்தில் ஒருத்தி மட்டும் எழுந்து நிற்க, மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் அமர்ந்தே இருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அந்த ஒருத்தியைப் பாராட்ட ஊரே வரும். மற்றவர்களைப் பற்றி யார் எழுதுவார்கள்?

நம் தெருக்களிலேயே அத்தகைய அக்காமார்கள் உண்டு. ஓரிரண்டு வினாவில் வாய்ப்பை இழந்தவர் உண்டு. அடுத்த அறிவிப்பு வரும் வரை பொறுங்கள் என்று வீட்டாரிடம் மன்றாடுபவர் உண்டு. காலையில் வேலைக்குச் சென்று இரவில் படிப்பவர் உண்டு. இனி எதற்கு இந்தப் புத்தகம் என்று உறவினர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தலை குனிபவரும் உண்டு.

வேதநாயகர் தேர்வில் வென்றவர்தாமே, தோற்றவர்க்கு அவர் வாழ்க்கை என்ன ஆறுதல் தரும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. நாம் கண்ட விடை இதுதான். அவர் தேர்வினால் பெற்ற பதவி என்றென்றும் நிலைக்கவில்லை. அது அவர் கையை விட்டும் போயிற்று. ஆனால் தேர்வுக்கு முன்பே ஆவண அறையில் அவர் தேடிய அறிவு அவரை விட்டுப் போகவில்லை. பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய கைக்குப் பதவி இல்லை. முதல் புதினம் எழுதிய கைக்கும் பதவி இல்லை. தமிழ் மக்கள் இன்று அவரை நினைப்பது முன்சீப் என்பதற்காக மட்டும் அன்று. பதவி, அறிவைப் பயன்படுத்த ஓர் இடம், அவ்வளவே. அந்த இடம் கிடைக்காவிடினும் அறிவு பொய்யாகாது. அரசியலமைப்பைப் படித்த பெண் தன் உரிமையை அறிவாள். கணக்கைப் படித்த பெண்ணை எவரும் ஏமாற்ற முடியாது. தமிழைப் படித்த பெண் தன் ஊர்ப் பாட்டிக்கு ஒரு மனுவேனும் பிழையின்றி எழுதித் தருவாள். இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைக்காமல் பெருக்கியவர்களை அவர் கைவிடுவதில்லை என்பது நாம் மறைக்கல்வி வகுப்பில் கற்றதுதானே?

இன்னொன்றும் உண்டு. தேர்வில் வெல்லும் அந்த ஒருத்திக்கும் வேதநாயகரிடம் பாடம் இருக்கிறது. இருக்கை கிடைத்ததும், எதிரே நிற்கும் ஏழைக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும். கைக்கூலி என்னும் நஞ்சைத் தொடக் கூடாது. படித்ததை நிறுத்தக் கூடாது. வேலை கிடைப்பதோடு தேர்வு முடிவதில்லை. வேலை கிடைத்த மறுநாள்தான் உண்மையான தேர்வு தொடங்குகிறது.

பெற்றோர்களிடம் நாங்கள் பணிவோடு வேண்டுவது ஒன்றே. ஒரு முறை தவறினால் புத்தகத்தை மூடிவிடு என்று மகளிடம் கூறாதீர்கள். தேர்வு எழுதும் உரிமையே எங்களுக்கு அருமையாகக் கிடைத்தது. ஞானாம்பாள் கதையில் மட்டும் கண்ட கனவை நாங்கள் வாழ்வில் காண்கிறோம். வெற்றியோ தோல்வியோ, படித்த பெண்ணாக அதை எதிர்கொள்ள எங்களை வாழ்த்துங்கள்.

தோழியரே, அடுத்த முறை முதல் புதினம் எது என்னும் வினாவைக் காணும்போது, விடைக்கு நேரே வட்டத்தை நிரப்பிவிட்டு ஒரு கணம் அந்தப் பெருமகனாரையும் நினைப்போம். அவர் அமர்ந்து படித்த ஆவண அறையை நினைப்போம். அவர் திறந்த கஞ்சித் தொட்டியை நினைப்போம். நமக்காக அவர் ஏற்படுத்திய பள்ளியை நினைப்போம்.

வாழ்க வேதநாயகர் புகழ்! வளர்க பெண் கல்வி!